வயித்து மாத்திரைன்னு வாங்குறீங்களே, அந்த ஸ்ட்ரிப்ப ஒரு தடவ திருப்பி பாருங்க

பெங்களூர் அல்சூர்ல மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நின்னு 14 வருஷம் ஆச்சு. வர்றவங்கள்ல நிறைய பேர் நம்ம தமிழ் ஆளுங்க தான். "அண்ணா, எப்பவும் போடுற வயித்து மாத்திரை ஒரு அட்டை குடுங்க"ன்னு காலி ஸ்ட்ரிப்ப நீட்டுவாங்க. திருப்பி பாத்தா குளோர்டயாசிபாக்சைடு 5 மில்லிகிராம், கிளிடினியம் 2.5 மில்லிகிராம்னு போட்டிருக்கும், சில பிராண்டுல வயித்து இழுப்பு வலிக்கான டைசைக்ளோமினும் சேர்ந்திருக்கும்.

இது கேஸ் மாத்திரை இல்லைங்க. கிளிடினியம் குடல் இறுக்கிப் பிடிக்கிறத தளர்த்தும், சரி. ஆனா குளோர்டயாசிபாக்சைடு பதட்டத்துக்கான மருந்து, 1960-ல மார்க்கெட்டுக்கு வந்த முதல் பென்சோடயசிபைன் (பதட்டத்த தணிச்சு தூக்கம் வர வைக்கிற மருந்து வகை), அதே வகைல வேலியம் எல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது தான். பயந்தா வயிறு கலக்குதுன்னு நம்ம ஊர்ல சொல்றது சும்மா இல்ல, மூளைக்கும் குடலுக்கும் நேரா நரம்பு போகுது, அதனால பதட்டத்தோட சேர்ந்து வர்ற ஐபிஎஸ் (IBS, அடிக்கடி வயிறு வலிச்சு கலக்குற குடல் கோளாறு) மாதிரி தொல்லைக்கு டாக்டர் பாத்து கொஞ்ச நாளைக்கு இத எழுதுறாங்க. அந்த "கொஞ்ச நாள்" தான் எல்லாருக்கும் மறந்து போகுது.

ஒரு தம்பி, ஐடி வேலை, ரிங் ரோடு டிராஃபிக்ல நடுவுல டாய்லெட் வந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்தே காலைல கிளம்புறதுக்குள்ள மூணு நாலு தடவ போவாரு. டாக்டர் ரெண்டு வாரத்துக்கு தான் எழுதி குடுத்தாரு. மாத்திரை நல்லா கேட்டுச்சு. அதே பழைய சீட்ட காட்டி கடை கடையா வாங்கி எட்டு மாசம் ஓட்டிட்டாரு. பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப எடுத்துட்டு போகல, முதல் ரெண்டு நாள் ஒன்னும் தெரியல, அதுக்கப்புறம் தூக்கமே இல்ல, கை நடுக்கம், வேர்வை, நெஞ்சு படபடன்னு. வியாதி திரும்ப வந்துடுச்சுன்னு நினைச்சு திரும்பி வந்ததும் ரெண்டு அட்டை கேட்டாரு. வியாதி இல்ல தம்பி, மாத்திரைக்கு உடம்பு பழகிடுச்சு, இந்த மருந்து உடம்ப விட்டு மெதுவா தான் இறங்கும், அதான் ரெண்டு நாள் கழிச்சு தெரியுதுன்னு உக்கார வச்சு சொன்னேன். ரொம்ப நாள் போட்டவங்க இத திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகலாம், அதனால நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் தான் கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும்.

வயசானவங்க விஷயம் எனக்கு இன்னும் பயம். மகனோட மாத்திரைய வயித்து வலின்னு எடுத்து போட்ட ஒரு அம்மா ராத்திரி பாத்ரூம் போகும்போது தள்ளாடி விழுந்துட்டாங்க. அந்த வயசுல மருந்து உடம்புலயே தங்கும், தலை சுத்தும், குழப்பம் வரும். வாய் காயும், மலம் இறுகும், கண்ணு மங்கும். கிளாக்கோமா (கண்ணுக்குள்ள பிரஷர் ஏறுற நோய்) இருக்கிறவங்களும் ப்ராஸ்டேட் வீங்கி யூரின் போக கஷ்டப்படுறவங்களும் டாக்டர்கிட்ட அத சொல்லாம இத தொடவே கூடாது. தண்ணி அடிச்சிட்டு போட்டாலோ, கோடீன் இருமல் மருந்து, டிரமடால் மாதிரி வலி மாத்திரையோட போட்டாலோ மூச்சே அடங்கிப் போற அளவுக்கு ஆபத்து. போட்டுட்டு தூக்கம் தூக்கமா வந்தா பைக் எடுக்காதீங்க.

குளோர்டயாசிபாக்சைடு ஷெட்யூல் ஹெச்1 மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இல்லாம விக்க கூடாத லிஸ்ட்ல இருக்கிறது, 2014 மார்ச்ல இருந்து தனி ரிஜிஸ்டர்ல பேஷண்ட் பேரு, டாக்டர் பேரு எழுதி மூணு வருஷம் வைக்கணும். நான் சீட்டு கேட்டா கோவப்படாதீங்கப்பா. எடை குறையுது, மலத்துல ரத்தம், ராத்திரி வலி தூக்கத்த கலைக்குதுன்னா எந்த மாத்திரையும் கேக்காம நேரா டாக்டர்கிட்ட போங்க. பதட்டம் தான் பெரிய பிரச்சனைன்னா டெலிமானஸ்ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416-க்கு போன் போட்டு தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

அந்த தம்பிக்கு டாக்டர் ரெண்டு மாசம் எடுத்து டோஸ கொறைச்சாரு, கூடவே கவுன்சிலிங். போன வாரம் கடைக்கு வந்தாரு, ஓஆர்எஸ் மட்டும் வாங்கிட்டு போனாரு.