கையைக் குறைக்காதீர்கள், இறக்குங்கள்

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்களுக்காக இணையவழியில் ஒரு பயிற்சி. கிழங்கழுகலுக்கு வழி கேட்கத்தான் சேர்ந்தேன். கேள்வி இருந்தால் திரையில் 'கையை உயர்த்து' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் அதே இடத்தில் 'கையைக் குறை' என்று மாறிக்கொள்கிறது. நடத்தியவரும் அதையே பிடித்துக்கொண்டு, "பேசி முடிச்சவங்க கையைக் குறைச்சுக்குங்க" என்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை சொன்னாரோ! கிழங்கழுகல் மறந்துபோய் அதுதான் மண்டைக்குள் நின்றது.

'உயர்' தன்வினை, 'உயர்த்து' அதன் பிறவினை. தாழ்–தாழ்த்து, ஏறு–ஏற்று, இறங்கு–இறக்கு எல்லாம் இந்த வகைதான். எதிர்ச்சொல் வைக்கும்போது தன்வினைக்குத் தன்வினை, பிறவினைக்குப் பிறவினை. இலக்கணம் இவ்வளவே.

'குறை' இந்தக் கூட்டத்தில் சேராது. அது அளவு பற்றிய வினை. அதற்கு எதிர் கூட்டு, பெருக்கு. விலையைக் குறைக்கலாம், சத்தத்தைக் குறைக்கலாம், காப்பியில் சர்க்கரையைக் குறைக்கலாம். கையை எப்படிக் குறைப்பது? வெட்டித்தான் குறைக்க வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பழந்தமிழில் குறைத்தலுக்கு வெட்டுதல் என்றே பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பாண்டியர் நீதியை எடுத்துச் சொல்லும் இடத்தில் 'கை குறைத்த செங்கோல்' என்று வருகிறது. கீரந்தை என்பவன் வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியன் கதை அது. நாங்களோ மஞ்சளுக்கு மருந்து கேட்க வந்தவர்கள்.

ஆங்கிலத்தில் சத்தத்துக்கும் கைக்கும் 'lower' என்ற ஒரே வினை போதும். மொழிபெயர்த்தவர் சத்தத்துக்கு எழுதியதையே கைக்கும் ஒட்டிவிட்டார். மனிதரோ எந்திரமோ, ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்க ஆளில்லை.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "உயர்த்துக்கு எதிர் தாழ்த்துதானுங்களே, அதைப் போட்டிருக்கலாம்" என்றார். உயர்வு–தாழ்வு நல்ல சோடிதான், மறுக்கவில்லை. தலையைத் தாழ்த்தலாம், குரலைத் தாழ்த்தலாம். ஆனால் அந்தச் சொல்லில் பணிவும் இருக்கிறது, அவமதிப்பும் இருக்கிறது. 'தாழ்ந்தவர்' என்பதை விட்டுவிட்டுத் 'தாழ்த்தப்பட்டவர்' என்று சொல்கிறோமே, எதற்கு? தாமாகத் தாழவில்லை, யாரோ தாழ்த்தினார்கள் என்ற குற்றச்சாட்டை அந்தப் பிறவினை சுமக்கிறது. அத்தனை கனமான சொல்லை ஒரு பொத்தானில் ஏற்றுவானேன்? அதிருக்கட்டும், முப்பது வருசம் வகுப்பெடுத்தவர் ஒரு பையனிடமாவது "கையைத் தாழ்த்துடா" என்று சொல்லியிருப்பாரா? "எறக்குடா கையை" என்றுதான் அதட்டியிருப்பார். கேட்டேன். சிரித்துக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் காட்டில் புல்லுக்கட்டைத் தலைக்கு ஏற்ற, "சித்த தூக்கி உடு சாமி" என்பார்கள். வீடு வந்தால் "எறக்கி உடு". திருப்பூர் பனியன் கப்பல் ஏறினால் ஏற்றுமதி, வெளிநாட்டுப் பஞ்சு இங்கே வந்து இறங்கினால் இறக்குமதி. எழுப்பிய சுவரை இடிக்கிறோம், எழுப்பிய பிள்ளையைத் தூங்க வைக்கிறோம். எதை உயர்த்தினோம் என்று கேட்காமல் எதிர்ச்சொல்லை எடுத்தால் கை குறையத்தான் செய்யும்.

அதற்காக ஏற்றியதையெல்லாம் இறக்கிவிடலாம் என்று கிளம்பினால் எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) விடாது. கோயிலில் ஏற்றிய கொடியை இறக்கலாம். சாமி மாடத்தில் ஏற்றிய விளக்கை? அணைக்கிறது என்ற பேச்சையே அது வாயில் எடுக்காது. "வெளக்க மலையேத்திப்போட்டு வா கண்ணு" என்னும்.