மாட்டுக்குப் போட்ட ஊசி யார் வயிற்றுக்குப் போகிறது?

போன வருஷம் மழைக்கு முன்னால் நீலகிரியில் சீகூர்ப் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியிலிருந்து போன் வந்தது, மாடு படுத்துவிட்டது, எழவே மாட்டேன் என்கிறது என்று. நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. தகரக் கூரை இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் கவர் செருகியிருந்தது, அதற்குள் உடைத்த கண்ணாடிக் குப்பிகள் ஏழெட்டு. எடுத்துப் படித்தால் டைக்ளோஃபினாக். மனிதர்களுக்கு மூட்டுவலிக்குப் போடுகிற 3 மில்லி ஊசி. "நீங்க வர நேரமாகும்னு சொன்னீங்களே டாக்டரே, அதான் கடையில வாங்கி எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துப் போட்டுட்டேன்" என்றார் மாட்டுக்காரர். மடிநோய் முற்றி விஷம் ரத்தத்தில் ஏறியிருந்த மாடு, என்ன போட்டிருந்தாலும் பிழைத்திருக்காது. மறுநாள் விடியும் முன்னே செத்துப்போனது.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "காட்டோரம் இழுத்துப் போட்டுட்டா நரியும் கழுகும் தின்னுட்டுப் போயிடும்."

அவரைக் குறை சொல்ல முடியாது, காலங்காலமாக இங்கே அதுதான் வழக்கம். மசினகுடிச் சுற்றுவட்டாரத்து மாடுகளில் பல பால் கறக்கிற மாடு இல்லை, சாணத்துக்காக வளர்க்கிற மாடு. கேரளத் தோட்டங்களுக்கு லாரி லாரியாகச் சாணம் போகும். பகலெல்லாம் காட்டில் மேயும், சாவதும் பல நேரம் காட்டிலேதான். மாயாறு பள்ளத்தாக்கில் பாறுகள் இன்னும் தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அவை அழிவதற்கும் இதுவே காரணமாகலாம்.

பாறு என்றதும் சிலர் முழிக்கிறார்கள். பிணந்தின்னிக் கழுகு என்று சொன்னால்தான் புரிகிறது, அந்தப் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். பாறு சங்கப் பாட்டிலேயே இருக்கிற பெயர். திருக்கழுக்குன்றத்துக்குத் தினமும் வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போன கழுகுகளும் மஞ்சள்முகப் பாறுகளே, இப்போது வருவதில்லை. நம் பக்கம் வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செம்முகப் பாறு, மஞ்சள்முகப் பாறு என்று நாலு வகை. 2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலத்துக் காடுகளிலும் ஒரே நேரத்தில் எண்ணியபோது வந்த தொகை 320, அதில் 217 வெண்முதுகு. மஞ்சள்முகம் நாலே நாலு. மூன்று மாநிலத்துக்குச் சேர்த்து 320! ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இதைவிடக் கூட்டம் இருக்கும்.

சரி, ஊசிக்கு வருகிறேன். 1990-களில் வட இந்தியாவில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது நோய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டது. காரணம் டைக்ளோஃபினாக் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் காட்டியது. அந்த மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் நின்றுவிடும், யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் இதயத்தின் மேலும் ஈரல் மேலும் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாகப் படியும். கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும், ஓரிரு நாளில் முடிந்துவிடும்.

இன்னொரு கணக்கு உண்டு, முதலில் படித்தபோது நானே நம்பவில்லை. செத்த மாடுகளில் 760-க்கு ஒன்றில் மருந்து இருந்தால்கூட அந்த அழிவுக்குப் போதுமாம். யோசித்துப் பார்த்தால் சரிதான், ஒரு மாட்டின் மேல் முப்பது நாற்பது பறவை ஒன்றாக இறங்கித் தின்னும், ஒரு பறவை ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் தாண்டிப் பறந்து இரை தேடும், இதில் என் ஊர் உன் ஊர் என்றெல்லாம் கிடையாது. வெண்முதுகுப் பாறு இடுகிற முட்டையோ ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. செத்ததை ஈடுகட்ட எத்தனை வருஷம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

2006-லேயே மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று தடை வந்துவிட்டது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், அதனால் 2015-ல் ஒரு குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். நம் ஆட்கள் ஏழெட்டுக் குப்பியாக உடைக்கிறார்கள். இதே வகை வலி மருந்துகளான அசிக்லோஃபினாக்கும் கீட்டோப்ரோஃபெனும் 2023-ல், 2024 டிசம்பர் கடைசியில் நிமசுலைடும் கால்நடைகளுக்குத் தடையாயின. அசிக்லோஃபினாக் பெயரில்தான் வேறு, மாட்டின் உடம்புக்குள் போனால் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும்.

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். டைக்ளோஃபினாக்கை நிறுத்திய பிறகு நான் வருஷக்கணக்கில் போட்டது கீட்டோப்ரோஃபென். அப்போது அதற்குத் தடை இல்லை, காய்ச்சல் சட்டென்று இறங்கும், மாட்டுக்காரருக்கும் சந்தோஷம். அதுவும் பாறுகளைக் கொல்லும் என்று 2009-லேயே ஆய்வு வந்துவிட்டது, படிக்காதது என் சோம்பல். தடை வரும்வரை காத்திருந்த டாக்டர்களில் நானும் ஒருத்தன்.

மாற்று இல்லாமல் இல்லை. மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்துப் பார்த்தவை. மெலாக்சிகத்தை மாட்டின் எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கில் சரியாகப் போட்டால் மடிநோய்க்கும் மூன்று நாள் காய்ச்சலுக்கும் நன்றாகவே கேட்கும். கேட்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் அளவைக் குறைத்துப் போட்டவர்கள், அல்லது ஊசி போட்ட அரை மணியில் மாடு எழுந்து ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள்.

மருந்தாவது தெரியாமல் நடப்பது. தெரிந்தே செய்வதும் உண்டு. புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்தால், கோபத்தில் மிச்ச உடல் மேல் பூச்சிமருந்தைத் தெளித்துவிடுவது. 2023 செப்டம்பரில் அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்தது அப்படித்தான். அந்த உடலில் பாறு இறங்கியிருந்தால் ஒரு கூட்டமே போயிருக்கும். மாட்டை இழந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் வழி அதுவல்ல, வனத்துறை இழப்பீட்டுக்கு மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியதே இல்லை, சான்றிதழும் அன்றைக்கே தருகிறேன்.

மாடு வைத்திருக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குப்பியின் மேல் இருக்கிற சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், டாக்டரிடமும் மருந்துக் கடையிலும் "இது மெலாக்சிகம்தானே" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தடை செய்த ஊசி எதுவும் போட்டு மூன்று நாளுக்குள் மாடு செத்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். என்ன போட்டார்கள் என்றே தெரியாவிட்டாலும் புதைப்பதுதான் நல்லது. மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், தோலைக்கூட உரிக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

சீகூர் மாட்டுக்கு அன்றைக்கு ஜேசிபி வரவழைத்தோம். வாடகையில் பாதி நான் கொடுத்தேன், மீதியை அவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். அதே மனிதர் இரண்டு மாதம் முன்பு கூப்பிட்டார். கிழட்டு மாடு ஒன்று செத்திருக்கிறது, ஆறு மாதமாக ஒரு ஊசிகூடப் போடவில்லை, இதையும் புதைக்கணுமா? நேரில் பார்த்து, நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வனக் காவலரிடமும் கேட்டுவிட்டு, ரோட்டுக்குத் தள்ளி வெட்டவெளியில் போட்டோம். முதல் நாள் காக்கை, இரண்டாம் நாள் ஊர் நாய்கள். மூன்றாம் நாள் நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். நாலாம் நாள் காலையில் போன் பண்ணினார், "செவப்புத் தலையோட ஒண்ணு வந்து உக்காந்திருக்கு டாக்டரே, நாயைத் தொரத்தவா வேணாமா?"