ஏரி எங்கே மிஸ்?

தொம்மலூர் (இன்றைய டொம்லூர்) சொக்கப்பெருமாள் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1270-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் வாசலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. இன்னொன்றில் ஒரு கணவனும் மனைவியும் தொம்மலூர் ஏரி வருமானத்தைப் பெருமாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மரபுக் கல்வி நடத்துவது என் வேலை. முதல் வருடம் அல்சூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து 120 பேரைக் கூட்டிப்போனோம். கல்லைப் பார்த்தார்கள், ஜூஸ் குடித்தார்கள், அச்சடித்த பை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நிதி கொடுத்த கம்பெனிக்கு அனுப்பிய அறிக்கையில் '120 மாணவர்கள் பயன்பெற்றனர்' என்று நானே எழுதினேன். என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

அடுத்த வருடம் அதே பணத்துக்கு 30 பேர், ஐந்து தடவை என்று கெஞ்சி மாற்றினேன். பையை நிறுத்திவிட்டு டார்ச் வாங்கினோம். கல்லில் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே எழுத்து எழுந்து வரும். கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். 'எரி' என்று இருந்தால் நெருப்பா, ஏரியா? முன்பின் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் தடவை, பாட்டியிடம் மட்டுமே தமிழ் கற்ற ஒரு எட்டாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "அந்த ஏரி இப்போ எங்கே மிஸ்?"

அப்புறம் கன்னடம் பேசும் பிள்ளைகளும் சேர்ந்து கடைக்காரர்கள், தாத்தா பாட்டிகள் என்று விசாரித்து வரைபடமே போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே நாள் சுற்றுலாவில் இந்தக் கேள்வி பிறக்க நேரமே இல்லை.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அதன் ஏழாம் அட்டவணையில் கல்வியும் உண்டு, பாரம்பரியப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் கல்வி என்றால் ஸ்மார்ட் போர்டு, பாரம்பரியம் என்றால் கோபுரத்துக்கு விளக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். ஆசிரியையின் நேரத்துக்குப் பணம் கேட்டால்தான் முகம் மாறுகிறது.

அந்தப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியைக்கு இரண்டு நாள் பயிற்சியும், அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியருக்குச் சம்பளமும் கொடுத்தோம். இந்த வருடம் நாங்கள் போகவில்லை. அவரே பிள்ளைகளோடு பெங்களூரிலேயே இருக்கும் பேகூருக்குப் போயிருக்கிறார், 'பெங்களூரு' என்ற பெயர் வரும் ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டைப் பார்க்க. டார்ச் மட்டும் எங்களிடம் இரவல் வாங்கினார்.