அப்பாவை ஒட்டுவதற்கு முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

மறைந்த அப்பாவையோ அம்மாவையோ கல்யாண மேடைப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி வருவது எங்கள் போட்டோ எடிட்டிங் தொழிலில் புதிதல்ல. முகூர்த்த மாதங்களில் வந்துகொண்டே இருக்கும். எனக்கு எரிச்சல் அதில் இல்லை. வேறெங்கோ கொடுத்துச் செய்து, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டிய பிறகு “என்னமோ சரியில்ல, கொஞ்சம் பாத்துக் குடுங்க” என்று தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதில்தான்.

கடைசியாக வந்த படத்தையே சொல்கிறேன். மணமக்கள் ரிசப்ஷன் மேடையில். இரண்டு பக்கமும் அம்ப்ரெல்லா லைட் (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் குடை வைத்த விளக்கு), முகத்தில் நிழல் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நிற்கும் அப்பாவுக்கு மட்டும் உச்சி வெயில். கண்குழி இருட்டு, மூக்கின் நிழல் மீசை மேல் இறங்கிக் கிடக்கிறது. ஏதோ கோயில் வாசலில் மத்தியானம் எடுத்த படம் போல. கட்டிங்கைக் குறை சொல்ல முடியாது, காதோர முடிகூடப் பிசிறில்லை. ஆனால் அவர் மனைவி பார்த்துவிட்டுச் சொன்னது: “இது அவரு மாதிரியே இல்ல தம்பி.”

செய்த டிசைனரிடம் கேட்டால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். “கலர் மேட்ச் பண்ணிட்டேனே சார்.” தம்பி, கலர் வேறு, வெளிச்சம் வேறு. கர்வ்ஸை, அதாவது எடிட்டிங் சாஃப்ட்வேரில் வெளிச்ச அளவை மாற்றும் கோட்டை, ஏற்றி இறக்கினால் படம் மொத்தமும் வெளுக்கும் அல்லது கறுக்கும். வலது கன்னத்து நிழல் இடது கன்னத்துக்குப் போகாது. மஞ்சளைக் கூட்டினால் மேடை லைட்டின் சாயல் வரும், மேடை லைட் வந்த திசை வராது. திசை ஒன்று, நிழலின் ஓரம் கூர்மையா மங்கலா என்பது இன்னொன்று, விளக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பது மூன்றாவது. இது மூன்றும் ஷட்டர் அழுத்திய நொடியிலேயே முகத்தில் பதிந்துவிட்டது. கலர் என்பது இதற்கெல்லாம் பிறகு கடைசியில் பூசுகிற சாயம். சாயம் பூசியதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் நான் பார்க்கும் பாதித் தப்புக்குக் காரணம்.

மீதிப் பாதி, டிராப் ஷேடோ. ஒரு கிளிக்கில் வருகிறது என்பதற்காக ஆளுக்குப் பின்னால் ஒரே மங்கலில் ஒரு சாம்பல் பட்டை. பின்னால் ஒட்டினாற்போல் சுவர் இருந்தால்தானே அப்படி விழும்? மேடையில் நிற்கிறவரின் நிழல் தரையில் அல்லவா கிடக்க வேண்டும்! காலடியில் அடர்த்தியாகத் தொடங்கும், தள்ளிப் போகப் போக ஓரம் கரையும். வானத்தில் அரை டிகிரிதான் அகலம் உள்ள சூரியன்கூட, பொருளிலிருந்து நிழல் ஒரு மீட்டர் தள்ளி விழுந்தால் அதன் ஓரத்தைக் கிட்டத்தட்ட 1 செ.மீ. மங்கலாக்கும். அம்ப்ரெல்லா லைட்டுக்குக் கேட்கவா வேண்டும்? செருப்பும் கம்பளமும் தொடும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு இல்லையென்றால் ஆள் மிதப்பார். அதைக் கையால் வரையத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது.

வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருந்தால் சிலர் படத்தையே திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அம்மாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடுகிறது. மூக்குத்தி பக்கம் மாறுகிறது. அப்பாவின் சட்டைப் பாக்கெட்டும் வகிடும் இடம் மாறுகின்றன. ஊரார் கவனிக்க மாட்டார்கள். கூடவே வாழ்ந்தவர்களுக்கு முதல் பார்வையிலேயே உறுத்தும்.

வேட்டியையும் பாருங்கள். சிவப்புக் கம்பளத்தில் நிற்கும் மாப்பிள்ளையின் வேட்டிக் கரைக்கு மேலே லேசான சிவப்பு ஏறியிருக்கும், தரையிலிருந்து எழும்பிய வெளிச்சம் அது. மர நிழலில் எடுத்த அப்பாவின் வேட்டியோ வானத்து நீலம் ஏறி, நீலம் முக்கியது போல் நிற்கும்.

வெட்டவெளியில் எடுத்த குடும்பப் படம் என்றால் கண்ணை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட் 1963-இல் துப்பாக்கியோடு நின்று எடுத்துக்கொண்ட படத்தில், மூக்கு நிழல் ஒரு பக்கமும் உடல் நிழல் வேறு பக்கமும் விழுகிறது, ஆகவே ஒட்டுவேலை என்று பல பத்தாண்டுகள் பேசினார்கள். படத் தடயவியல் நிபுணர் ஹானி ஃபரீத் 2009-இல் முப்பரிமாண மாதிரி செய்து பார்த்து, ஒரே சூரியனில் இரண்டு நிழலும் அப்படித்தான் விழும் என்று காட்டினார். ஆக, உண்மைப் படம் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியது உண்மை போலவும் தெரியும். தலை உச்சியிலிருந்து அதன் நிழல் உச்சிக்கு, கம்பத்து நுனியிலிருந்து அதன் நிழல் நுனிக்கு என்று கோடு போட்டு நீட்டிப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளிக்குப் போக வேண்டும். சூரியன் சரியாகப் பக்கவாட்டில் இருந்தால் மட்டும் இணையாக ஓடும். ஒரு கோடு விலகினாலும் அந்த ஆள் அங்கே நிற்கவில்லை.

இனி வீட்டாருக்கு. “இதுல அப்பா நல்லா சிரிக்கிறாரு” என்று படம் தேர்ந்தெடுக்காதீர்கள். வேறு யார் கல்யாணத்திலாவது மேடையேறி மொய்க்கவர் கொடுத்திருப்பாரே, அந்த ஆல்பத்தைத் தேடுங்கள். அதே மாதிரி லைட், அதே மாதிரி நிற்கும் தோரணை, முழு உருவமும் கிடைக்கும். சொந்தக்காரர்களைக் கேட்டால் தருவார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஆதார் அட்டையை மொபைலில் படமெடுத்து அனுப்பாதீர்கள், தயவுசெய்து. ஏஐ ஆப்பில் போட்டு ‘கிளியர்’ செய்தும் கொண்டுவராதீர்கள். படம் தெளிவாக இருக்கும், முகம் உங்கள் அப்பாவுடையதாக இருக்காது.

லீவு கிடைக்காமல் துபாயில் மாட்டிக்கொண்ட அண்ணனைச் சேர்ப்பது இதைவிட எளிது. மேடைப் படத்தை அவருக்கு அனுப்பி, எந்தப் பக்கம் லைட் அதிகம் என்று சொல்லி, அந்தப் பக்கம் ஜன்னல் இருக்க நின்று எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

போட்டோகிராபர்களே, பிறகு ஒருவரைச் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் இடம் விட்டு எடுங்கள். அதே உயரமுள்ள சித்தப்பாவையோ மாமாவையோ அந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு பிரேமும் அடியுங்கள். அவர் நிழல் கம்பளத்திலும் பெண்ணின் புடவை மடிப்பிலும் எப்படி விழுகிறது என்பது கைக்குக் கிடைத்துவிடும். எனக்கு ஒரு ராத்திரி வேலை மிச்சம்.

பொருந்தும் படமே இல்லை என்றால் நான் அட்வான்ஸ் வாங்குவதில்லை. அப்பாவின் பிரேம் போட்ட படத்தை மேடையில் ஒரு நாற்காலியில் வைத்து எடுத்துவிடுங்கள் என்றே சொல்கிறேன். கண்ணாடியில் ஃபிளாஷ் அடிக்காமல் இருக்க, பிரேமைக் கொஞ்சம் முன்பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும்.