அசையாத சுவரை ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்?

சுன்னாகப் பக்கம் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். தரம் 10 பிள்ளைகளுக்கு இணைய வீடியோவின் ஆரம்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெடியன் எழும்பி, "மிஸ், 2005 வரைக்கும் யூரியூப் மாதிரி ஒண்டு ஏன் வரேல்லை? ஒருத்தருக்கும் யோசினை வரேல்லையோ?" என்று கேட்டானாம். என்ன பதில் சொல்லலாம் என்பதுதான் அவர் கேள்வி.

யோசனை முன்பே வந்துவிட்டது. பயனர்கள் வீடியோ ஏற்றும் தளம் ஒன்று 1997இலேயே தொடங்கி, செலவு கட்டாமல் 2001இல் மூடப்பட்டது. விமியோ என்ற வீடியோத் தளம் 2004இல் வந்தது. சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவரும் யூரியூப்பைத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2005 ஏப்ரல் 23 அன்று, சான் டியாகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் கரீம் நின்று பேசும் 19 விநாடி வீடியோ முதலாவதாக ஏறியது. 2004 ஆழிப்பேரலையின் வீடியோக்களை இணையத்தில் தேடி எடுக்கக் கஷ்டமாக இருந்ததும் ஒரு தூண்டுதல் என்று கரீம் பின்னர் சொன்னார். அந்த அலை தாக்கிய வடமராட்சி கிழக்கின் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இதைப் பார்த்துச் சொல்லுங்கள். 2006இல் யூரியூப்பைக் கூகுள் 165 கோடி டொலருக்கு வாங்கியது. சரி, பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

பெடியனுக்கான பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. அக்கால வீடியோவின் அளவு 320க்கு 240 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட் (ஒரு பைட் என்பது 8 பிட்), விநாடிக்கு 25 படம் என்று பெருக்கினால் 19 விநாடிக்கு ஏறத்தாழ 109 மெகாபைட் வரும். தொலைபேசிக் கம்பியில் வந்த, விநாடிக்கு 56 கிலோபிட் இணைப்பில் அதை இறக்க நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். ஆகவே பெரும்பகுதியை எறிந்தே ஆகவேண்டும். எதை எறிவது?

முதல் வழி, ஒரு படத்துக்குள்ளேயே எறிவது. 8க்கு 8 புள்ளிக் கட்டத்தைக் கோசைன் அலைகளின் கூட்டாக மாற்றி எழுதினால், கண்ணுக்குப் பிடிபடாத நுண் அலைகளை விட்டுவிடலாம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் நடராஜன், ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட கணிதம் இது. 1972இல் இதற்கு அவர் நிதி கேட்டபோது அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது. மதிப்பிட்டவர்களில் ஒருவருக்கு யோசனை மிக எளிமையாகப் பட்டதாம்! ஆராய்ச்சி விண்ணப்பத்தில் "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுக் கோடு கிழிக்கும் எங்களூர்ப் பெரியவர்களும் இதை ஒருக்கால் வாசிக்கலாம்.

இரண்டாவது வழிதான் எனக்கு உயிர். கோயில் மண்டபத்தில் தவில் கச்சேரி நடக்கிறது, கமரா ஆடாமல் நிற்கிறது என்று வையுங்கள். வித்துவானின் கை பறக்கிறது. பின்னாலுள்ள சுவர் அப்படியே இருக்கிறது. படத்தை 16க்கு 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் 300 சதுரம் வரும். சுவர்ச் சதுரம் ஒன்றை முழுதாக அனுப்ப 6,144 பிட் தேவை. யூரியூப் தொடக்கத்தில் பயன்படுத்திய ஃபிளாஷ் வீடியோ, எச்.263 என்ற வீடியோச் சுருக்க முறையின் வழி வந்தது. அதில் "மாற்றமில்லை, பழையதையே வைத்திரு" என்று சொல்ல ஒரே ஒரு பிட் போதும்.

பறக்கும் கையை என்ன செய்வது? முந்தைய படத்தில் அக்கம்பக்கத்தைத் துழாவி, இதைப் போன்ற சதுரம் எங்கே இருக்கிறது என்று நிரல் தேடும். கிடைத்ததும் "அதை எடு, வலப்பக்கம் 3 புள்ளி, மேலே 1 புள்ளி தள்ளி ஒட்டு" என்று எழுதும். மிச்ச வித்தியாசத்தை மட்டும் கோசைன் கணக்கில் கொடுக்கும். கை எது, தவில் எது என்று அதற்குத் தெரியாது. தோள் மூட்டின் துண்டு தவில் தோலுக்குப் பொருந்தினால் அதையே எடுத்து ஒட்டும். பிழையை வித்தியாசக் கணக்கு சரிக்கட்டிவிடும். இடைக்கிடை ஒரு முழுப் படம் வரும். அது வழியில் தொலைந்தால், பழைய முகத்தின் துண்டுகளைப் புதிய அசைவு இழுத்துக்கொண்டு போவதைத் தொலைபேசித் திரையில் கண்டிருப்பீர்கள்.

இந்தத் தேடல் வேலை மகா பாரமானது. ஒட்டும் வேலையோ லேசு. பயனர்கள் ஏற்றிய வீடியோவை யூரியூப்பின் கணினிகள் ஒரு தடவை தேடி மாற்றி வைத்தன. பிறகு எத்தனை இலட்சம் பேர் பார்த்தாலும் அவர்களுடைய பழைய கணினிகளுக்கு ஒட்டுவது மட்டுமே வேலை. ஒட்டுவதற்கான ஃபிளாஷ் பிளேயர் பெரும்பாலான உலாவிகளில் ஏற்கனவே இருந்தது. அகலப்பட்டை இணைப்பும் பல நாடுகளில் பரவியிருந்தது. ஏன் 2005 என்பதற்கு என் பதில் இதுதான்.

இந்த முறை திணறும் இடம் புகை. ஒவ்வொரு படத்திலும் உருவம் மாறுவதால் பொருந்தும் சதுரம் அகப்படாது, பிட்டும் போதாது, கட்டம் கட்டமாக உடையும். கற்பூரப் புகைக்குள் அம்மன் முகம் தெரிகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதில் கணிசமானவை இந்தக் கட்டங்கள்தான் என்பது என் கட்சி. பக்தியைக் குறை சொல்லவில்லை. பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை வரும் என்று மிரட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

வகுப்பில் செய்து பார்க்க யூரியூப்பின் படத்தரத்தை 144க்கு இறக்கி, முதலில் செய்தி வாசிப்பவரையும் அடுத்துக் கசூரினா கடற்கரை அலையையும் ஓடவிடுங்கள். எது முதலில் கட்டமாக உடைகிறது, ஏன் என்று பிள்ளைகளே எழுதட்டும்.