எம்.பி.ஏ.வோடு நிறுவன மாற்றமும் சேர்த்துப் படிக்கலாமா?

போன மாதம் ஒரு பெண் என்னிடம் பேச வந்தார். ஏழு வருட வேலை அனுபவம். மனிதவளப் பிரிவில் ஆரம்பித்து, இப்போது அதே நிறுவனத்தில் செயல்பாடுகள் பிரிவில் இருக்கிறார். எம்.பி.ஏ.வையும் நிறுவன மாற்றத்தில், அதாவது ஒரு நிறுவனத்துக்குள் வேலை முறைகளை மாற்றும்போது அங்கே இருக்கும் மனிதர்களையும் கூட்டிக்கொண்டு போவது எப்படி என்ற துறையில், ஒரு முதுகலைப் பட்டத்தையும் சேர்த்து மூன்று வருடத்தில் முடிக்கும் இரட்டைப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறார். "சேரலாமா?" என்ற ஒரே கேள்விதான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இதே கேள்வி பலரிடமிருந்தும் வருவதால், அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நிறுவனங்களில் மாற்றங்களை நடத்திக்கொடுப்பது என் தொழில். புது மென்பொருள் கொண்டுவருவது, இரண்டு பிரிவுகளை ஒன்றாக்குவது, ஷிஃப்ட் முறையை மாற்றுவது போன்ற வேலைகள். முதலில் எம்.பி.ஏ. படித்தேன். நிறுவன மாற்றம் படித்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து. அந்த ஐந்து வருட இடைவெளியில் நான் செய்த தவறுகளில் ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸுக்குப் புதிதாகச் சரக்கு இருப்பு மென்பொருள் கொண்டுவந்தோம். போட்ட பணம் பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நான். கணக்கில் பிழை இல்லை. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், திரையில் ஒரு இருப்பு, ரேக்கில் வேறு இருப்பு. ஸ்டோர் கீப்பரின் மேசை டிராயரைத் திறந்தால் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு. அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து பத்திகள். முதல் நான்கிலும் இருந்தது மென்பொருளிலும் இருந்தது: தேதி, பொருள், வந்தது, போனது. ஐந்தாவது பத்திக்குத் தலைப்பே இல்லை. அதில் 'ஈரம்', 'மேல் அடுக்கு மட்டும் நல்லது', 'மாலை ஷிஃப்டுக்கு எடுத்து வை' என்று பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள். மெஷின் ஓட்டுபவர்கள் அவரிடம் வந்து கேட்பது அந்த ஐந்தாவது பத்தியைத்தான். மென்பொருளில் அதற்கு இடமே வைக்கவில்லை. அதனால் அவர் முதலில் நோட்டில் எழுதினார், நேரம் கிடைத்தால் திரையில் ஏற்றினார். நேரம் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

அன்று நான் மேலாளரிடம் சொன்னது: "அந்த நோட்டை எடுத்துவிடுங்கள்." எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் அவர் சட்டைப் பையில் இன்னொரு சின்ன நோட்டு இருந்தது. நான் எழுதிய அறிக்கையில் அதற்கு 'பழக்கத்தை விட மறுப்பு' என்று பெயர் வைத்தேன். அந்த வார்த்தைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மூன்று மாதமாக அவர் எங்களுக்கு ஒரு குறையைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

பிறகு மாற்றப் படிப்பின் முதல் பருவத்தில் ஹார்வுட் ஆய்வைப் படித்தோம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்ற ஊரில் இருந்த பைஜாமா தொழிற்சாலை அது. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் அங்கே நடத்திய ஆய்வு 1948-ல் வெளியானது. மாற்றம் மிகச் சின்னது. ஒரு குழுவினர் இஸ்திரி போட்ட துணிகளை அரை டஜன் அரை டஜனாக ஓர் அட்டையின் மேல் அடுக்கி வந்தார்கள். இனி அட்டைக்குப் பதில் ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். பெட்டியும் அட்டை இருந்த அதே இடத்தில்தான். அந்தக் குழுவைக் கூப்பிட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, அதனால் இந்த மாற்றம், இதுதான் புது கூலிக் கணக்கு என்று விளக்கினார்கள். கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். அவ்வளவுதான். உற்பத்தி விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. முதல் 40 நாட்களுக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். வேறு குழுக்களில், எதை எப்படி மாற்றலாம் என்று எல்லாரையும் உட்காரவைத்துப் பேசித் திட்டம் போட்டார்கள். அங்கே உற்பத்தி சீக்கிரமே பழைய நிலைக்கு வந்து, பிறகு அதையும் தாண்டிச் சுமார் 14 சதவீதம் ஏறியது. ஒருவரும் விலகவில்லை.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த பகுதி. முதல் குழுவில் மிச்சமிருந்தவர்களை இரண்டரை மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் சேர்த்து வைத்துப் பேசிச் செய்தார்கள். அவர்களும் சட்டென்று மேலே வந்துவிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள். ஸ்டோர் கீப்பரின் நோட்டு என் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மாற்றப் படிப்பு மட்டும் போதுமே என்று தோன்றலாம். போதாது. அதையும் நேரில் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவர் மாற்றப் படிப்பு மட்டும் படித்தவர். மனிதர்களைப் புரிந்துகொள்வதில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர். பிரிவுகளை ஒன்றாக இணைக்கும் ஒரு வேலையில், நாற்பது குழுத் தலைவர்களை இரண்டு நாள் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். நிதிப் பிரிவின் தலைவர் கேட்டது இரண்டே கேள்வி: "இந்த இரண்டு நாளில் எவ்வளவு வேலை நின்றுபோகும்? அதை எத்தனை மாதத்தில் மீட்போம்?" நண்பர் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார், ஆட்கள் பங்கெடுப்பதன் அவசியத்தைப் பற்றிப் பேசினார். எல்லாம் உண்மை. ஐந்து நிமிடத்தில் அந்தச் செலவு பட்ஜெட்டிலிருந்து போய்விட்டது. அனுபவமுள்ள ஒருவர் விலகினால் புதியவரைத் தேடி, பழக்கி, அந்த வேகத்துக்குக் கொண்டுவர எத்தனை வாரம், எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் போட்டுக் காட்டியிருந்தால் அதே தலைவர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஹார்வுட் ஆய்வின் பலமே அதுதானே. மனிதர்களைப் பற்றிய ஒரு விஷயத்தை உற்பத்திக் கணக்கில் காட்டியது.

ஆகவே, இரட்டைப் பட்டம் யாருக்கு உதவும் என்று கேட்டால் என் பதில் இது: ஒரே முடிவைக் கணக்காகவும் பார்த்து, மனிதர்களாகவும் பார்த்து, இரண்டும் ஒத்துவராதபோது அந்த மேசையை விட்டு எழுந்து போகாமல் இருக்கப் பழக விரும்புபவருக்கு. இந்தப் பழக்கம் தனித்தனியாகப் படித்தால் சீக்கிரம் வராது. எனக்கு வரவில்லை.

ஆனால் இரட்டைப் பட்டம் என்று பெயர் வைத்திருப்பதெல்லாம் இதைக் கற்றுத் தருவதில்லை. பொதுவாக இரட்டைப் பட்டம் என்றால் முடிவில் இரண்டு சான்றிதழ். கூட்டுப் பட்டம் என்றால் இரண்டு இடங்கள் சேர்ந்து நடத்தி ஒரே சான்றிதழ் தருவது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இந்தச் சொற்கள் மாறும் என்பதால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் தனித்தனியாகப் படிப்பதைவிடக் காலம் குறைவது எப்படி என்றால், சில பாடங்களின் கிரெடிட்டை இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அந்த இடம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விருப்பப் பாடங்களிலிருந்து. அதாவது நிதியிலோ மார்க்கெட்டிங்கிலோ ஆழமாகப் போக நினைத்தவருக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடும். முழுநேர எம்.பி.ஏ.வில் முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவே வரும் இன்டர்ன்ஷிப் இதில் எப்போது வருகிறது, நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் முடித்த ஒரு பட்டமாவது கைக்கு வருமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா போன்ற அங்கீகாரங்கள் வணிகக் கல்விக்கானவை. அவற்றை வைத்து மாற்றப் படிப்பின் தரத்தை எடைபோட முடியாது. அதற்குப் பாடத்திட்டத்தையும், பாடம் எடுப்பவர்கள் நிறுவனங்களுக்குள் இறங்கி வேலை செய்தவர்களா என்பதையும்தான் பார்க்க வேண்டும்.

நான் முக்கியமாகக் கேட்கச் சொல்வது இன்னொன்று. இரண்டு பட்டத்துக்கும் பொதுவான ஒரு பிராஜெக்ட் உண்டா? உண்டென்றால், நிதி ஆசிரியரும் மாற்றப் பாட ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்து அதை மதிப்பிடுகிறார்களா? இல்லை என்றால் திங்கட்கிழமை ஒரு கட்டடத்தில் கணக்கு, வியாழக்கிழமை இன்னொரு கட்டடத்தில் மனிதர்கள் என்று மூன்று வருடம் ஓடிவிடும். இரண்டையும் சேர்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும்.

விளம்பரக் கையேட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். 'நிறுவனங்களின் மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்கின்றன' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 2011-ல் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போனார். அதைத் தாங்கி நிற்க நம்பத்தகுந்த ஆய்வு ஆதாரம் இல்லை என்றே எழுதினார். மாணவர்களைச் சேர்க்க அந்த எண்ணை நீட்டுகிறவர்களிடம், அது எங்கிருந்து வந்தது என்று பணிவாகக் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம். மாற்றப் படிப்பு வேறு வகையில் களைப்பூட்டும். 1946-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சமூக உளவியலாளர் கர்ட் லெவினின் குழு ஒரு பயிற்சி முகாம் நடத்தியது. பகலில் பங்கேற்பாளர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் மாலையில் கூடிப் பேசுவார்கள். ஒரு நாள் பங்கேற்பாளர்கள் சிலர் நாங்களும் இருக்கலாமா என்று கேட்டு உட்கார்ந்தார்கள். தங்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டதும், அப்படி நடக்கவில்லையே என்று மறுத்துப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சிலேயே கற்றல் இருக்கிறது என்று லெவின் கண்டுகொண்டார். அடுத்த வருடம் மெய்ன் மாநிலத்தின் பெத்தலில் தொடங்கிய குழுப் பயிற்சி இதிலிருந்து வளர்ந்தது. அதைப் பார்க்க லெவின் உயிரோடு இல்லை. 1947 பிப்ரவரியில் காலமானார். இன்றும் பல மாற்றப் படிப்புகளில் இதே வகைப் பயிற்சி உண்டு. பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவீர்கள். நீங்கள் பேசும்போது மற்றவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். ஒருவர் என்னிடம், "நான் பேசி முடிப்பதற்குள் நீங்கள் தலையாட்டிவிடுகிறீர்கள். அதைப் பார்த்ததும் மிச்சத்தைச் சொல்லத் தோன்றுவதில்லை" என்றார். அன்று இரவு எனக்கு வேறு பாடம் எதுவும் ஏறவில்லை. அதே வாரத்தில் நிதித் தேர்வும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு சேருபவர்கள், பாட நேரத்தை மட்டும் எண்ணாமல், இப்படிப்பட்ட நாட்களுக்கும் கொஞ்சம் இடம் விட்டுத் திட்டமிட வேண்டும்.

இளங்கலை முடித்த கையோடு இதில் சேருவதை நான் ஆதரிப்பதில்லை. ஒரு மாற்றத்தால் தானே அடிபட்ட அனுபவமோ, ஒரு மாற்றத்தை நடத்தித் திணறிய அனுபவமோ இல்லாதவருக்கு இந்தப் பாடங்கள் வெறும் படங்களாகவும் அம்புக்குறிகளாகவும்தான் தெரியும். மூன்று நான்கு வருடமாவது வேலை பார்த்துவிட்டு வாருங்கள். இருக்கும் வேலை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் சேருவதும் சரியாக வராது. அந்த வெறுப்புக்குப் படிப்பில் மருந்து இல்லை.

வந்த பெண்ணுக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ள யாரும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் அலுவலகத்தில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதுங்கள். முதல் பக்கத்தில் கணக்கு மட்டும்: என்ன செலவு, என்ன திரும்பி வரும், எத்தனை மாதத்தில். இரண்டாவது பக்கத்தில் மனிதர்கள் மட்டும்: இந்த மாற்றத்தால் யார் எதை இழக்கிறார்கள். 'ஊழியர்கள்' என்று மொத்தமாக எழுதக் கூடாது; ஒவ்வொருவராக எழுத வேண்டும்.

பத்து நாள் கழித்து அவர் அனுப்பினார். எடுத்துக்கொண்டது அவர் அலுவலகத்தின் ஷிஃப்ட் மாற்றத்தை. கணக்குப் பக்கம் இரண்டு மாலை எடுத்ததாம். அக்கவுண்ட்ஸில் இருக்கும் தோழியின் உதவியோடு முடித்திருந்தார், நன்றாகவே வந்திருந்தது. மனிதவளத்தில் இருந்து வந்தவர் என்பதால் இரண்டாவது பக்கம் சுலபம் என்று நினைத்திருக்கிறார். அதில் இருந்தது 'எதிர்ப்பு வரலாம், விளக்கக் கூட்டம் தேவை' என்ற ஒரே வரி. யாரிடமிருந்து, எதற்காக என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். நேற்று மறுபடி வந்தது. இப்போது ஆறு பெயர்கள். ஐந்து பெயர்களுக்கு எதிரே இரண்டு மூன்று வரி. ஆறாவது இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். அவர் பெயருக்கு எதிரே, "இவரிடம் நான் இதுவரை ஒரு தடவைகூடப் பேசியதில்லை. வியாழன் இரவு போகிறேன். விண்ணப்பத்தை அதற்கு அப்புறம் நிரப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறார்.