வெற்றுப் பதிலுக்குக் காத்திருக்கும் கைப்பேசி

புதிய ரவுட்டரைப் பொருத்திய பின் வைஃபை குறி முழுப் பட்டைகளுடன் நிற்க, அதன் கீழேயே ‘இணைய இணைப்பு இல்லை’ என்றும் வருகிறதே, இரண்டில் எதை நம்புவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையும் நம்பலாம். பட்டைகள் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான ரேடியோ அலையின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. வீட்டுக்கு வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் அவை குறைவதில்லை.

கடவுச்சொல் சரியாக இருந்தால் வலையமைப்பில் கைப்பேசியை அடையாளம் காட்டும் எண்ணான ஐ.பி. முகவரி ஒன்றை ரவுட்டர் தருகிறது. (கணினியில் அந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், முகவரி தர யாரும் முன்வரவில்லை என்று பொருள்.) அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆண்ட்ராய்டு கைப்பேசி, கூகுள் சர்வரில் இதற்கென்றே வைக்கப்பட்டுள்ள ஒரு பக்கத்தைக் கேட்கிறது. அந்தப் பக்கத்தில் ஒன்றுமே கிடையாது. ‘கேட்டது கிடைத்தது, ஆனால் தருவதற்கு உள்ளடக்கம் இல்லை’ என்பதைக் குறிக்கும் 204 என்ற எண் மட்டும் திரும்பி வந்தால், இணையம் இருக்கிறது. எதுவுமே வராவிட்டால், இல்லை. வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்கும் பக்கம் ஒன்று வந்து நின்றால், விடுதியிலோ ரயில் நிலையத்திலோ உள்ள வைஃபை நடுவழியில் கோரிக்கையை மறித்துவிட்டது என்பதைக் கைப்பேசி கண்டுகொண்டு, ‘உள்நுழையவும்’ என்று நம்மிடம் சொல்கிறது.

இந்தக் கேள்வி மறையாக்கம் (நடுவில் இருப்பவர் படிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டுவது) இல்லாத எச்.டி.டி.பி. என்ற இணைய வழிமுறையில் அனுப்பப்படுவது கவனக்குறைவால் அன்று. மறையாக்கம் உள்ள எச்.டி.டி.பி.எஸ். என்றால் மறிப்பவரால் தம் பக்கத்தைக் காட்ட இயலாது, நமக்கு வெறும் பிழைச் செய்திதான் மிஞ்சும். ஆகவே ஏமாற்ற வருபவருக்கென்றே கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் இதையே வேறு விதமாகச் செய்கிறது: ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற வரி மட்டும் உள்ள சிறு கோப்பைக் கேட்டு, எழுத்து மாறாமல் வருகிறதா என்று பார்க்கிறது.

‘இணையம்’ உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது ஒரு தனியார் நிறுவனத்தின் சர்வர் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கூகுள் தடைசெய்யப்பட்ட சீனாவில், இந்தச் சோதனை முகவரியை மாற்றாத ஆண்ட்ராய்டு கைப்பேசிகள், இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே ‘இல்லை’ என்று காட்டியதுண்டு. 2020இல் வந்த ஒரு தரநிலையின்படி, உள்நுழைவுப் பக்கம் எது என்று கேட்டறிவதற்கான முகவரியை, ஐ.பி. முகவரியைத் தரும்போதே வைஃபை வலையமைப்பு நேர்மையாகச் சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டு 11 முதல் கைப்பேசிகளுக்கு அது புரியும்.